மோரிப் கடலும் என் பாரோமீட்டரும்

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைக்கு வருகிறவர்களில் நாலைந்து பேர் ஒரு மாதமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மோரிப் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போனீர்களே, எப்படிப் போவது, எந்த நாளில் போவது, கடல் எப்படி என்று எழுதுங்கள் என்கிறார்கள். நம் கையெழுத்துப் பத்திரிகையில் இடமும் ஒதுக்கிவிட்டார்கள். இவ்வளவு நாள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். இந்த வாரம் எழுதியே தீரவேண்டிய காரணம் ஒன்று வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் போனது வைகாசி அமாவாசைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் அண்ணனும். மச்சான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் பட்டறையில் வேலை. மலாய் மொழியில் சாப்பாட்டுக்கும் பாசார் என்கிற சந்தைக்கும் வேண்டிய சொற்களுக்கு மேல் தெரியாது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டே வளர்ந்தவர். கடலில் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னிடம் காற்றின் அழுத்தத்தை அளக்கிற பாரோமீட்டர் ஒன்று இருக்கிறது. ஊர் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கியது. பித்தளைப் பெட்டி, கடிகாரம் போன்ற முகம், அதில் மழை, மாறுதல், நல்ல வானிலை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முள் ஏறினால் வெயில், இறங்கினால் மழை. பதினோரு வருஷமாக நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற எனக்கு இந்தக் கருவியின் மேல் ஒரு தனிப் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கழுத்தறுப்பது வழக்கம். மச்சான் மட்டும் சலிக்காமல் கேட்பார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் காலை ஐந்து நாற்பதுக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு அறுபத்தைந்து காசு. கிள்ளானில் ஆறே முக்காலுக்கு இறங்கி, பாசாரில் இருபது காசுக்கு இறால் வாங்கிக்கொண்டோம். உயிர் இறால் கிடைத்தால் விடாதீர்கள், செத்ததைக் கெளுத்தி மட்டும்தான் தொடும். ஏழு ஐந்துக்கு பஸ். பந்திங் வழியாக இருபத்தெட்டு மைல், அறுபது காசு. ஓட்டுநர் நம் ஆள்தான்.

“தூண்டிலா அண்ணே? மூணு மணி பஸ்ஸ விட்டுடாதீங்க, அதுக்கப்புறம் பந்திங் வரைக்கும் நடைதான் லா. இது சுமாத்ரா அடிக்கிற மாசம் வேற, மேக்க ஒரு கண்ணு வச்சுக்குங்க” என்றார்.

சுமாத்ரா என்பது இந்தக் கரையில் சித்திரை முதல் ஆவணி, புரட்டாசி வரைக்கும் மேற்கிலிருந்து வருகிற புயல்மழை. பெரும்பாலும் விடியற்காலையில் வரும், சில நாள் முற்பகலில் வரும். நான் கையோடு கொண்டுவந்திருந்த பாரோமீட்டர் பெட்டியைத் திறந்து அவருக்கும் காட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் பார்த்ததைவிட முள் நன்றாக ஏறியிருந்தது. “அப்படியா” என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

எட்டு ஐம்பதுக்கு மோரிப் சேர்ந்தோம். சவுக்கு மரங்கள், அவற்றின் கீழே மணல், அதற்கப்பால் கடல் விலகிப்போய்க்கொண்டிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே விடியும்போது நீர் ஏற்றம், நடுப்பகலுக்குச் சற்று முன்னால் வற்றம். அன்று வற்றம் பதினொன்று இருபதுக்கு என்று ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்து வைத்திருந்தேன். வற்றும் நீரின் பின்னாலேயே நடந்துபோய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீசினால் நல்ல மீன் விழும். நீர் திரும்புவதற்கு அரை மணி முன்னால் கரைப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். இங்கே தரை சமதளம். நீர் ஏறும்போது நமக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்கள்தான் முதலில் நிரம்பும்.

சேற்று மணலில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி மட்டி தோண்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நாங்கள் கழிகளைக் கட்டி முடித்தபோது கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். கூடையில் பாதிதான் இருந்தது. வற்றத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது, மட்டி பொறுக்குகிறவருக்கு அதுதான் சம்பாதிக்கிற நேரம். அவர் கிளம்புகிறார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் முன்னால் நின்று, மேற்கே கையைக் காட்டி, பிறகு தன் முதுகைத் தட்டிக் காட்டி நிறையப் பேசினார். மேற்கே அடிவானத்தில் ஒரு கரிய பட்டை, சட்டியின் விளிம்பு மாதிரி வளைந்து கிடந்தது. காற்றே இல்லை.

“என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?” என்று மச்சான் கேட்டார்.

“ஒண்ணுமில்ல மச்சான், மழை வரும்ங்கறாங்க. முள்ளு இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, பாருங்க.”

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. “நீங்க சொன்னா சரிதான்” என்று கழியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் இன்னொரு கழியின் சிக்கலை எடுத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அவர் அறுநூறு கஜம் தள்ளி நின்றார். ஒரு மீனைத் தூக்கிக் காட்டியது தெரிந்தது. பத்தேகால் இருக்கும், முகத்தில் ஜில்லென்று ஒரு காற்று அடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கரிய பட்டை தலைக்கு மேல் வந்துவிட்டது. கத்தினேன். அவர் திரும்புவதற்குள் மழை எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கி அவரை மறைத்துவிட்டது.

தண்ணீரில் ஓடினேன். நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை. காற்று கடலிலிருந்து அடித்ததால் நான் போட்ட சத்தம் என் வாயைத் தாண்டவில்லை. மச்சானுக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது ஆற்று நீச்சல். “அண்ணனைப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க” என்று வாசலில் நின்று என் மனைவி சொன்னது ஒன்றுதான் மனதில் ஓடியது. பத்துமலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டேன். அவ்வளவு பயம் அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து மழை சற்று வெளுத்தபோது, எனக்கு வடக்கே நூறு கஜத்தில், மழைக்குள்ளிருந்து மச்சான் நடந்து வந்தார். கழி இல்லை, வேட்டி இல்லை, கோவணத்தோடு உதடு நீலம் பாய்ந்து நின்றார். சவுக்கு மரத்தடியில் உட்காரவைத்து என் துண்டைப் போர்த்தினேன். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

“கடல்லேர்ந்து இவ்வளவு காத்து எப்படி வரும், கரையிலேர்ந்துதான் அடிக்குதுன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. காத்தை எதுத்தே நடந்தேன். போகப் போகத் தண்ணி மாருக்கு வந்துச்சு, கழுத்துக்கு வந்துச்சு. மழை கண்ணுல ஊசியாக் குத்துனது தாங்காமத் திரும்புனேன். திரும்புனா காத்தே தள்ளிக்கிட்டு வந்து விட்டுடுச்சு.”

பிறகு கேட்டார்: “அந்தம்மா முதுகைக் காட்டிக் காட்டி நெறையப் பேசினாங்களே. மழைன்னு மட்டுந்தானா சொன்னாங்க?”

“அவ்வளவுதான்” என்றேன்.

பெட்டிக்குள் முள் முன்னைவிட உயரத்தில் நின்றது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் அளவைக்காரர்களின் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டினேன். அவர்களும் இதே கருவியைத்தான் மேடு பள்ளம் அளக்கக் கொண்டுபோகிறார்கள். உயரமான இடத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கினால் முள் ஏறும். அது மட்டுமல்ல, நம் ஊரில் தினமும் காலை பத்து மணி வரை அது ஏறும், பிறகு மாலை நாலு மணி வரை இறங்கும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். சுமாத்ரா வரும்போது குதித்து ஏறுவதும் உண்டாம். பாரோமீட்டர் முகத்தில் இருக்கும் அந்த எழுத்துகள் வேறு தேசத்து வானத்துக்காக எழுதியவை. இந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தான் பதினோரு வருஷமாகப் படம் வரைகிறேன். தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான்.

ஆகவே மோரிப் போகிறவர்கள் பாரோமீட்டரை நம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாளில் போங்கள். மேற்கே வளைந்த கருமேகம் தெரிந்து காற்றும் நின்றுபோனால் அரை மணிக்குள் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பிழைக்கிறவர்கள் கூடை நிரம்பாமல் கிளம்பினால் நீங்களும் கிளம்புங்கள்.

இனி அந்தக் காரணம். வருகிற ஞாயிறு மச்சான் மறுபடி மோரிப் போகிறார். பட்டறை நண்பர்கள் இரண்டு பேர் கூடப் போகிறார்கள், இருவரும் புதிதாக வந்தவர்கள், மலாய் தெரியாது. எனக்கு அன்று அலுவலக வேலை. போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார். ‘மாப்பிள்ளை மழை வரும்னு முன்னாடியே சொன்னார், நான்தான் கேக்கலை’ என்று என் மனைவியிடமும் பட்டறையிலும் சொல்லிவைத்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகு நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தும் முடியவில்லை. சனிக்கிழமை மாலை வாசகசாலைக்கு வந்து இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பது அவர் வழக்கம்.

மச்சான், அந்த அம்மாள் மழை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னது முழுவதும் இதுதான்: “சுமாத்ரா வருகிறது, இறங்காதீர்கள். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் கரையைத் தேடவேண்டாம், கண்ணுக்குத் தெரியாது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நடங்கள். அது கடலிலிருந்து வருகிற காற்று, உங்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும்.” உங்களிடம் சொல்லச் சொல்லித்தான் என்னிடம் சொன்னார்.