இரு தரப்புக்கும் ஒரே வக்கீல்

‘இருதரப்பார்’ (1941–2012). நகராட்சியின் சட்ட அலுவலருக்கு அலுவலகத்தார் இட்ட பெயர் இது. சம்பளப் பட்டியல் நீங்கலாக மற்றெல்லா இடங்களிலும் இதுவே வழங்கியது.

எந்தப் பிரிவு வழக்கில் சிக்கினாலும் அவரே வாதாட வேண்டும் என்பது விதி. இரு பிரிவுகள் தமக்குள் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று விதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. இவர் யோசித்தார். குடிநீர்ப் பிரிவு ஒரு தெருவில் குழாய் பதித்துவிட்டுப் பள்ளத்தை மூடாமல் விட்டபோது, சாலைப் பிரிவின் சார்பில் காலையில் ஓர் அறிவிப்பு எழுதினார். பிற்பகலில் நாற்காலியை மேசையின் மறுபக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்து, அதைப் படித்துக் கொதித்தெழுந்து, குடிநீர்ப் பிரிவின் சார்பில் பதில் எழுதினார்.

“சார், தபாலை இந்தப் பக்கம் வைக்கவா, அந்தப் பக்கம் வைக்கவா?” என்பார் கடைநிலை ஊழியர், முகத்தில் சிரிப்பின் சாயலே இன்றி.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. அது முடியும்வரை பள்ளத்தில் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்று தடையாணை வாங்கியவரும் அவரே. தம் வாதத்தைத் தாமே முறியடிப்பதில் அவருக்கிருந்த தேர்ச்சியால், வழக்கு மூன்று ஆண்டுகள் இம்மியும் நகரவில்லை.

பள்ளமோ அவருடைய அக்காவின் தையற்கடை வாசலில் இருந்தது. சட்டை தைக்க வருபவர்கள் ஆடும் பலகைமேல் வித்தை காட்டிக் கடந்தார்கள். பிறகு வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். தம்பியைச் சட்டம் படிக்க வைத்தது அந்தத் தையல் இயந்திரந்தான்.

“பள்ளத்துக்கும் நீதான் வக்கீல், மண்ணுக்கும் நீதான் வக்கீல். எனக்கு யாருடா வக்கீல்?” என்றார் அக்கா.

“விஷயம் கோர்ட்ல இருக்குக்கா.”

“கோர்ட்ல இல்லடா, என் வாசல்ல இருக்கு. மாசக் கடைசியில கடையைக் காலி பண்றேன். உன் பேன்ட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ.”

அவர் ஓய்வுபெறுவதும் அதே மாதக் கடைசியில்தான். எந்தப் பிரிவு விட்டுக்கொடுக்கும் என்று கேட்டறிய, முதன்முறையாகப் பொறியாளர்களின் அறைக்குப் படியேறினார். அங்கே சாலைப் பொறியாளரும் குடிநீர்ப் பொறியாளரும் ஒருவர் டப்பாவில் மற்றவர் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர்.

“உங்க சண்டையில யாராவது ஒருத்தர் கொஞ்சம் இறங்கி வந்தா...”

“எங்களுக்குள்ள என்ன சார் சண்டை?” என்றார் குடிநீர்ப் பொறியாளர். “மண்ணு லாரி அப்பவே வந்து நின்னுச்சு. நீங்க தடை வாங்கிட்டீங்கன்னு திருப்பி அனுப்பிட்டோம்.”

“ஆமா சார், ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன்,” என்றார் சாலைப் பொறியாளர். “கேஸ்ல நாங்க ஜெயிக்கிறோமா, தோக்கிறோமா?”

“ரெண்டும்தான்” என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

மாதக் கடைசி நாளன்று நீதிமன்றத்தில் சமாதான மனு தாக்கல் செய்தார்.

“எதிர்த்தரப்பு இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?” என்று வினவினார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த நீதிபதி.

“மொதல்ல அவங்க வக்கீல் ரொம்பப் பிடிவாதமா இருந்தாருங்க ஐயா. பேசிச் சரிக்கட்டிட்டேன்.”

“எங்கே அவர்?”

அவர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்று வணங்கினார்.

மாலையில் லாரி வந்து மண்ணைக் கொட்டியது. அக்கா, கட்டிவைத்த துணி மூட்டையை அவிழ்த்து, ஊசியில் நூல் கோத்தார். இடுப்பளவு எடுக்கத் தம்பியைக் கையைத் தூக்கச் சொன்னார்.

நகராட்சிக்காக அவர் கடைசியாக, அதுவும் இருமுறை, கையெழுத்திட்ட நாள்: 30 ஜூன் 1999.