கூழுக்கு இல்லை, கதவுக்கு

பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் நான் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிக்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளி. பெண்கள் கழிப்பறைக் கதவு மழையில் உப்பி, ஒருநாள் கீலோடு பிய்ந்து விழுந்துவிட்டது. அவசரம் என்றால் ஒருத்தி வாசலில் முதுகைக் காட்டி நின்று துப்பட்டாவை விரித்துப் பிடிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரி எனக்குப் பிடிப்பாள், அவளுக்கு நான். அப்படியும் யாரோ வருகிற மாதிரியே இருக்கும். பாதியில் எழுந்து வந்துவிடுவேன். மதியத்துக்கு மேல் கால் ஆடும், பேனா ஆடும், பெஞ்சே ஆடும். "உடம்புல எறும்பா ஊறுது?" என்பார் கணக்கு மிஸ்.

ஆடி பிறந்ததும் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. தண்ணீர் குடிக்காமல் இப்படியா கெடுத்துக்கொள்வது என்று டாக்டர் என்னைத் திட்டினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பள்ளிக்குத் திரும்பியதும் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கதவு கேட்டேன். "ஃபண்டு வரட்டும்மா" என்றார். அது வருகிறவரை நான் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

கணக்கு மிஸ்ஸிடம் போய், மாணவர்களிடமே சில்லறை சேர்க்கலாம், செலவழித்தது போக மிஞ்சுகிற காசு போதும் என்றேன். மிஸ் சரி என்றார். காலித் தண்ணீர் கேன் ஒன்று கிடைத்தது. அதில் என்ன எழுதி ஒட்டுவது என்பதில்தான் சிக்கல்.

"பாத்ரூமுன்னு எப்டிடி எழுதுறது? பசங்க ஓட்டியே சாவடிப்பானுங்க" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

மஞ்சள் தாளில் சிவப்பு மையால் 'ஒரு நல்ல காரியத்துக்காக' என்று எழுதி ஒட்டி, வகுப்பு வாசலில் வைத்தோம்.

ஒவ்வொரு இடைவேளையிலும் ஓடிப் போய்க் கேனைத் தூக்கிப் பார்ப்பேன். கனமே ஏறாது. கொட்டிப் பார்த்தால் காசுக்கு நடுவே இரும்பு வாஷர்கள். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் அப்பா வேலை செய்கிற எவனோ ஒருத்தன் திருவிளையாடல். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் வகுப்பின் வாயாடிப் பையன் கேனைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "இன்னா, அம்மனுக்குக் கூழு எப்போ ஊத்துறீங்க? கருவாட்டுக் கொழம்பு உண்டா?"

ஆடி மாதம், மஞ்சள் தாள், சிவப்பு மை. பள்ளிக்கூடமே அப்படித்தான் நினைத்திருக்கிறது! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வகுப்பு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"கூழும் இல்ல, கொழம்பும் இல்லடா! எங்க பாத்ரூமுக்குக் கதவு இல்ல. காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் அடக்கிகினு உக்காந்துகினு கீறோம். அதுக்குத்தான் காசு!"

பக்கத்து பெஞ்சுக்காரி முகத்தைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் அவனே கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வெங்காயம் விற்கிறவன் மாதிரி வராண்டா முழுக்கக் குரல்: "கதவு! கேர்ள்ஸ் பாத்ரூமுக்குக் கதவு! போடு மச்சான், போடு!" எனக்கு மானம் போயிற்று. ஆனால் காசு விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. வாஷர் போட்ட மகராசன்கூட அன்றைக்குக் காசு போட்டிருப்பான்.

கேன் நிறைந்ததும் மிஸ் எங்களைக் கரையான்சாவடியில் ஒரு கதவுக் கடைக்கு அழைத்துப் போனார். "சில்லறையா? கொடும்மா, இதுக்குத்தான் தெனமும் அல்லாடுறேன்" என்று கடைக்கார பாய் இரண்டு கையாலும் வாரிக்கொண்டார். ஆள் அனுப்பி, பச்சை நிற பிளாஸ்டிக் கதவை மாட்டியும் கொடுத்தார்.

மாட்டிய மறுநாள் முதல் இடைவேளையில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். எடுத்தேன், திரும்பப் போட்டேன். கால் ஆடவில்லை. யாரும் வருகிற மாதிரியும் இல்லை.

கதவைத் திறந்தால், பக்கத்து பெஞ்சுக்காரி எனக்கு முதுகைக் காட்டி, துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏண்டி, அதான் கதவு கீதே?" என்றேன்.

அவள் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வகுப்புக்குத் திரும்பியதும் அவள் பாட்டிலைப் பிடுங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.