மூடுபனியில் நகர்ந்த எண்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போன ஜனவரியில் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

அல் ஐன் தாண்டி பாலைவனத்துக்குள்ளே ஒரு தனியார் வேட்டைப் பண்ணை. வேலி போட்டு மான் வளர்ப்பார்கள். முதலாளியின் விருந்தாளிகள் வந்து வெகுதொலைவிலிருந்து சுடுவார்கள். எனக்கு ரேஞ்ச்ஃபைண்டர் டியூட்டி. கையடக்கமான கருவி. பொத்தானை அழுத்தினால் லேசர் போய் மானைத் தொட்டுத் திரும்பும், தூரம் தெரியும். குளிர், வெயில், காற்றழுத்தம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, துப்பாக்கியை எவ்வளவு தூக்க வேண்டும் என்றும் அதுவே சொல்லிவிடும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மணல் மேட்டின் மேலே நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். சுடுகிறவர் கீழே படுத்திருப்பார். வாக்கிடாக்கியில் நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் சுட வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஒரு மனிதக் குரல் கேட்காது. குளச்சலில் கடல் இரைச்சலிலேயே வளர்ந்தவனுக்கு அந்த அமைதி பைத்தியம் பிடிக்க வைக்கும் ஐயா. சில நாள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். திரும்பினால் ஆளிருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதுவும் ஒரு துணையாகத்தான் இருந்தது.

அங்கே நான் மனசுவிட்டுப் பேசுவது சோலைமுத்து அண்ணனிடம் மட்டும்தான். பரமக்குடிப் பக்கத்துக்காரர், என் ரூம்காரர். மான்களுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்புவது அவர் வேலை. நிரப்பிவிட்டு வேலிக்கு வெளியே போய், "கிளியர்" என்று அவர் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரும் சுடக் கூடாது.

அன்று விடிந்தும் விடியாத நேரம். ஆறே முக்கால். மூடுபனி. அண்ணனிடமிருந்து சத்தமே வரவில்லை. விருந்தாளிக்கோ அவசரம்.

"கித்னா, பாய்? எவ்வளவு தூரம்? ஜல்தி."

பனி கொஞ்சம் விலகியது. மான் தெரிந்தது. அழுத்தினேன். 612. தொட்டி அதற்குப் பின்னால், 640-இல்.

"அண்ணன் இன்னும் கிளியர் சொல்லல சார். இருங்க."

மறுபடி அழுத்தினேன்.

7.

பனியில் லேசர் பட்டுத் திரும்பினால் பொய் எண் வரும். ஆனால் அது தாறுமாறாகக் குதிக்கும். இது குதிக்கவில்லை. 7... 7... 7.

ஏழு மீட்டரில் மணல்தான் இருந்தது.

பிறகு 9. பிறகு 14... 22... 35.

யாரோ என் பக்கத்திலிருந்து எழுந்து போகிறார்கள். மானை நோக்கி.

சரக்... சரக்... என்று மணல் மிதிபடும் சத்தம். காலடி எண்ணில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை.

120... 210... 340. ஓடுகிறது.

வாக்கிடாக்கியில் கத்தினேன்.

"மாஃபி ஷூட்டிங் சார். சுடாதீங்க."

"கலாஸ், போதும். நானே பார்த்துக்கறேன்."

480... 590...

மான் மிரண்டு விலகியது.

640.

நின்றுவிட்டது.

டுமீல்...

ஏசுவே. நான் ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன். அந்தப் பாலைவனத்தில் எனக்கு இருந்தது அவர் ஒருத்தர்தான்.

சோலைமுத்து அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்த பிளாஸ்டிக் டாங்கில் ஓட்டை. நின்றிருந்தால் நெஞ்சுக்கு நேரே. தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"வாக்கிடாக்கி சார்ஜ் செத்துப்போச்சு தம்பி. நின்னுக்கிட்டுத்தான் ஹோஸ் மாட்டினேன். யாரோ ஓடியாந்து தோளைப் புடிச்சு அமுக்குனாங்க. 'பைட்டோ, பைட்டோ'ன்னு. உக்காருன்னுதானே அர்த்தம்?"

"யாரு அண்ணே?"

"தாடிக்காரரு. நெத்தியில தழும்பு. நீ அனுப்புன ஆளுதானே?"

நான் யாரையும் அனுப்பவில்லை.

சாயங்காலம் மெஸ்ஸில் சமையல்கார லுக்மான் பாயிடம் சொன்னோம். காயல்பட்டினத்துக்காரர், பண்ணையில் பழைய ஆள். தழும்பு என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹஸ்னைன். பாகிஸ்தான்ல முல்தான் ஆளு. உனக்கு முந்தி மெஷின் வச்சிருந்தவரு. ரெண்டு வருஷம் முந்தி இதே மாதிரி பனி. அவரு நம்பர் சொன்னாரு, தொட்டிக்கிட்ட நின்ன பையன் குண்டு பட்டுப் போயிட்டான். அத்தோட ஊருக்குப் போனவருதான்."

"செத்துட்டாரா?"

"தெரியல."

லுக்மான் பாயிடம் பழைய நம்பர் இருந்தது. போன் போட்டார். ஒரு பெண் குரல் எடுத்தது, ஹஸ்னைனின் மனைவி. லுக்மான் பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"உசுரோடதான் இருக்காராம். ஊருக்குப் போய்ச் சேந்த வாரமே பக்கவாதம். காலும் அசையாது, பேச்சும் இல்ல. ரெண்டு வருஷமா கட்டிலை விட்டு இறங்கலையாம்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அந்தம்மா என்கிட்ட ஒண்ணு கேக்குது. சில நாள் விடிஞ்சு பார்த்தா அவரு ரெண்டு காலும் மணலா இருக்காம். ஏன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குது... இன்னைக்குக் காலையிலயும் கழுவி விட்டுச்சாம்."