இரண்டாவது ரயிலுக்குக் காத்திருந்தோம்

துறைமுகத்து மதிலை ஒட்டி அந்த ஸ்டேஷன் இருந்தது. கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் எங்களைக் காலையில் கொண்டுவந்து கொட்டவும் சாயங்காலம் அள்ளிக்கொண்டு போகவும் கட்டியது. வெளியாள் யாருக்கும் அங்கே வேலையில்லை. அறுபதுகளில் பஸ் பெருகியதும் ரயிலை நிறுத்தி, கேட்டில் சங்கிலி போட்டுவிட்டார்கள். அதன் சரித்திரம் அவ்வளவுதான். என் சரித்திரத்தில் பாதி அங்கேதான் நடந்தது.

நான் செம்பூரில் மராத்திக்காரர்கள் நடுவே ஓர் அறையில் கிடந்தேன். எனக்கு வந்த ஹிந்தி தண்ணீர் கேட்கவும் சண்டை போடவும்தான் காணும். என்னோடு மூட்டை தூக்கும் கேங்கிலும் தமிழ் ஆள் கிடையாது. நாள் முழுக்க வாய் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் அந்த பிளாட்பாரத்தில்தான் அதைத் திறப்பேன். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், வேறொரு ஷெட்டில் வேலை, பெஞ்சில் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச வேண்டுமென்றே முதல் ரயிலை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறுவோம். அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அண்ணாச்சி. பேர் கேட்கத் தோன்றவேயில்லை.

கடலைத் தோலைக் கீழே போடமாட்டார். பொட்டலக் காகிதத்திலேயே மடித்துப் பெஞ்சுப் பலகை இடுக்கில் செருகுவார். பெருக்க வருகிறவர் மறுநாள் திட்டிக்கொண்டே எடுப்பார்.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். மேஸ்திரியோடு சண்டை போடாத நாளில்லை. "இந்த எழவெடுத்த வேல எவனுக்கு வேணும்? ஒருநா நான் இங்க வரலன்னா, ஊருக்கு ரயிலேறிட்டேன்னு வச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்பேன்.

"நல்லாப் போனீங்க! கண்ணு முன்னால வார ரயிலையே விடுதீங்க, நீங்களா ஊருக்கு ரயிலேறப் போறீங்க?" என்று சிரிப்பார். கொஞ்சம் கழித்து, "போனா நல்லதுதான். ஒருத்தராவது தப்பிச்சாச் சரி" என்பார்.

அப்புறம் எனக்கு டைபாய்டு வந்தது. பாயோடு பாயாகக் கிடந்து எழுந்து வந்தபோது ரயில் இல்லை. பஸ்ஸில் வேலைக்குப் போய், முடிந்ததும் நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன். சங்கிலியைத் தாண்டி உள்ளே போனால் ஈ காக்கை இல்லை. பெஞ்சின் இடுக்கில் கடலைப் பொட்டலங்கள், ஒன்றல்ல, இடமில்லாமல் திணிக்கப்பட்டிருந்தன. மூடிய ஸ்டேஷனில் பெருக்க ஆள் ஏது? ரயில் நின்ற பிறகும் மனிதர் தினமும் வந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறார். அடப்பாவி மனுஷா!

நானும் தினமும் போய் உட்கார்ந்தேன். புதுப் பொட்டலம் ஒன்றும் சேரவில்லை. அவர் ஷெட்டில் கேட்டேன். அந்த ஆட்களை வேறெங்கோ மாற்றியாயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். பெட்டிக்கடையில் நின்றவரிடம், "டாக்குல வேல பாக்குற அண்ணாச்சி, கடல கொறிச்சிக்கிட்டே இருப்பாரு" என்று விசாரித்தேன்.

"எந்த அண்ணாச்சிவே? இங்க தடுக்கி வுழுந்தா அண்ணாச்சிதான். பேரு என்னன்னு சொல்லும்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கொடுத்த சோடாவைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. வரவில்லையென்றால் ஊருக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதை அவர் நம்பிவிட்டார். ஒருத்தராவது தப்பித்தார் என்று சந்தோஷமாகத்தான் வருவதை நிறுத்தியிருப்பார். நான் செம்பூரில் இறங்கி, அறைக்குப் போய், யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டேன்.