தங்கை பதில் சொல்லாத கூட்டம்

என் தங்கை உளவியல் படித்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்த் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் கிடையாது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பாக்கும்" என்று பக்கத்து வீட்டு மாமி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அப்பா அரிசிப் பண்டகசாலையில் எடை போடுகிறவர். நான் பத்தாம் வகுப்போடு நின்று, சுக்கு மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தியைத்தான் எறணாகுளத்துக் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று ஆனபோது, அது அவள்தான் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். கோபம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

பேராசிரியர்களும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நிபுணர்களும் சேர்ந்து நடத்திய உளவியல் சங்கம் ஒன்று இருந்தது. அதில் மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவை நடத்த மாணவர்களிலிருந்தே சிலரைச் சேர்த்து ஒரு கமிட்டி. விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆனால் பெயர் கொடுத்த உடனே கமிட்டியில் சேர்த்துவிட மாட்டார்கள். முதலில் தொண்டராக இருந்து காட்ட வேண்டும். நாற்காலி போட வேண்டும், சுவரில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், வெளியூரிலிருந்து வரும் பேச்சாளரை ரயிலடிக்குப் போய் அழைத்துவர வேண்டும். தங்கை இதையெல்லாம் முதல் வருஷத்திலிருந்தே செய்தாள்.

கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அப்பா அவளைத் தனியாக அனுப்பச் சம்மதிக்கவில்லை. "அக்கா கூடப் போனாப் போ" என்றார். என் ஓய்வு நாள் அப்படிப் போயிற்று. இரண்டு பேரும் படகேறி எறணாகுளம் போவோம். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வேன். சும்மா இருக்கிறாளே என்று பார்த்து யாராவது என் கையிலும் சாயாத் தட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பையன் என்னிடம் "சேச்சி ஏது காலேஜா?" என்று கேட்டான். நான் தட்டை அவன் பக்கம் நீட்டினேன். அவன் வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாணவர் பிரிவு செய்த வேலைகளில் ஒன்றுதான் தங்கைக்கு உயிராக இருந்தது. பள்ளுருத்தியில் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. மாதத்தில் சில நாள் மாணவர்கள் அங்கே போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவார்கள், தாய்மார்களோடு பேசுவார்கள். அந்தத் தாய்மார்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். டாக்டர் மலையாளத்தில் சொன்னது அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். தங்கை அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தமிழில் பேசுவாள். பிள்ளைக்குப் பொத்தான் போடப் பழக்குவது எப்படி, சோறு தானே எடுத்துச் சாப்பிட வைப்பது எப்படி என்று செய்து காட்டுவாள். அங்கேயும் நான்தான் துணை; திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே பேச்சாக இருக்கும். "அக்கா, இன்னைக்கு அந்தப் பையன் செருப்பைக் கால் மாத்தாமப் போட்டான்" என்பாள், ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல.

மாணவர்கள் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது கமிட்டி. பள்ளுருத்தி தூரம், பஸ் நெரிசல், வேறு இடம் பார்க்கலாம் என்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். கமிட்டியில் தனக்கு இடம் கிடைத்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்பது தங்கையின் கணக்கு. மேடையில் உட்காரும் ஆசை அவளுக்கு இல்லை. மூன்றாம் வருஷம் பெயர் கொடுத்தாள். எங்கள் பகுதிக்கு ஓர் இடம். பெயர் கொடுத்தவளும் அவள் ஒருத்திதான்.

கூட்டத்தன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வேறு கல்லூரி. சங்கத்தில் மூத்த டாக்டர் ஒருவரின் மகள் என்று பிறகு தெரிந்தது. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்குக் குறை இல்லை. அவள் தானாகப் பெயர் கொடுக்கவில்லை. மாணவர் பிரிவுக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர்தான் அவள் பெயரைச் சொன்னார்.

ஒரு இடம், இரண்டு பெயர். ஓட்டு போடலாமே என்று யாரோ சொன்னார்கள். பேராசிரியர் சிரித்தார். ஓட்டு என்றால் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார், மனசில் கசப்பு மிஞ்சும், மனசைப் பற்றிப் படிக்கிற நாம் அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"மோளே, நீ இந்தத் தடவை இந்தக் குட்டிக்கு விட்டுக்கொடு. அடுத்த வருஷம் உன்னை நோக்காம். எந்தா, சரியல்லே?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தாவணி முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பேசவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்போதும் அவள் பேசவில்லை.

பின்னால் இருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய மனுஷனிடம் எவ்வளவு உறுதியாக மறுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இது வெளியாருக்கு விளங்காது. எங்கள் தெருவில் கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லும் வழக்கம் இல்லை. சம்மதம் என்றால்தான் வாய் திறப்பார்கள். 'ஆகட்டும்' என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராதவரைக்கும் விஷயம் முடியாது. என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்திருந்தபோது, அப்பா பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டு பேசாமலே இருந்தார். வந்தவர் சாயாவைக் குடித்துவிட்டு "அப்ப வரட்டுமா" என்று எழுந்தார். அவருக்கு வருத்தமும் இல்லை. மறுவாரம் பஜாரில் அதே மனுஷர் அப்பாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள்தான் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"வளரெ சந்தோஷம்" என்றார் பேராசிரியர். "இதாணு பக்குவம்." எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் புதுப் பெண் எழுந்து தங்கையின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோதுதான் புரிந்தது. தங்கைக்கும் அப்போதுதான். அவள் முகம் வெளிறிப்போனது.

படகில் வரும்போது அவள் அழவில்லை. "நான் ஒண்ணுமே சொல்லலையே அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர் கேட்டார். நான் பதிலே சொல்லலை. இதுக்கு மேல எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"வாயால சொல்லணுமாம் அவங்களுக்கு."

"அப்ப சரிங்கிறதையும் வாயால கேட்டிருக்கணும் இல்ல?"

ஒரு பெண் பயத்தில் பேசாமல் இருக்கலாம், கோபத்தில் இருக்கலாம், எங்களைப்போல மரியாதைக்காக இருக்கலாம். சந்தோஷத்தில் தலை குனிந்து, விரல் வெளுக்கும்படி தாவணியைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்காருவார்களா? இது தெரிய எந்தப் படிப்பும் வேண்டாம், கண் இருந்தால் போதும். அவருக்கு இரண்டும் இருந்தன. தனக்கு வசதியான பதிலை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளை அவர் வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கடுமையாக நடந்துகொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எங்களை உட்காரச் சொன்னார். சாயா, வாழைக்காய் வறுவல், எல்லாம் வந்தது. தங்கை சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "சார், நான் விட்டுக்கொடுக்கலை. சம்மதம்னு சொல்லவே இல்லை."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வருத்தப்படுகிறவர்போலச் சொன்னார். "மோளே, அதுதானே பிரச்சினை. ஒரு கமிட்டியில் இருக்கிறவள் பேச வேண்டாமா? ஒரு சின்ன விஷயத்துக்கே உனக்கு வாய் வரவில்லை. இது உன் தப்பல்ல. வளர்ந்த சூழ்நிலை அப்படி." சொல்லும்போது அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. என் புடவையில் சுக்குத் தூசி வாசம் வந்திருக்கலாம்.

ஆனாலும் கேட்டேன். "அவ பேசலைன்னா, சார் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே."

"நீங்களும் மாணவிதானே? எந்தக் காலேஜ்?"

"பத்தாங் கிளாஸ்."

"ஆ" என்று ஒரு சிரிப்பு சிரித்தார். கேலி இல்லை, பரிவுதான். அந்தப் பரிவை அப்படியே எடுத்து அந்தச் சாயாக் கோப்பையில் போட்டு மூடிவைக்க வேண்டும் போலிருந்தது. என் கேள்வி அங்கேயே கிடந்தது. அவர் தங்கையிடம் திரும்பி, ஆண்டு மாநாட்டில் சாப்பாட்டுப் பொறுப்பை அவளிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "உன்னைப்போல உழைக்கிற ஆள் வேறு இல்லை. சேச்சியும் உதவிக்கு வரலாம்."

"மாட்டேன் சார்" என்றாள் தங்கை.

எங்கள் வீட்டில் பிறந்த ஒருத்தி ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தோஷப்பட்டார். தொடையில் தட்டிக்கொண்டு, "பார்த்தாயா, இப்போ பேசிட்டாயே. இதைத்தான் நான் எதிர்பார்த்தது" என்றார். அவள் வாயைத் திறந்தது தன்னால்தான் என்று அந்த மனுஷர் நினைத்துக்கொண்டார். பறித்ததும் அவர், பறிகொடுத்தவள் கத்தினால் பாடம் சொல்லிக்கொடுத்த பெருமையும் அவருக்கே. "அப்படின்னா இடத்தைத் திருப்பிக் கொடுப்பீங்களா சார்" என்று தங்கை கேட்டாள். எல்லாரும் கை தட்டி முடிந்த காரியத்தை இனி எப்படி மாற்றுவது என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சாப்பாட்டுப் பொறுப்பை வேறு யாரோ ஏற்றுக்கொண்டார்கள். தங்கை அதற்குப் பிறகு கூட்டங்களுக்குப் போகவில்லை. புதுக் கமிட்டி கூடி, மாணவர்கள் இனிமேல் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்று முடிவு செய்தது. பள்ளுருத்திக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. தங்கை தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். சங்கம் அனுப்பினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யாரோ ஒரு பெண் வந்து பிள்ளைகளோடு இருக்கிறேன் என்றால் யார்தான் விடுவார்கள்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒருநாள், பஜாரில் மீன் வாங்க நின்றபோது என் தோளை யாரோ தொட்டார்கள். பள்ளுருத்திப் பள்ளிக்கூடத்தில் பார்த்த தாய் ஒருத்தி. திண்டுக்கல் பக்கத்துக்காரி, சித்தாள் வேலை. மகனை இடுப்பில் வைத்திருந்தாள், இடுப்புக்கு மீறிய பிள்ளை. கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலேசுப் பிள்ளையோட அக்கா தானே நீங்க?"

"ஆமா."

"தங்கச்சி ஏங்க்கா வர்றதே இல்ல? ஒருத்தருமே வர்றதில்ல." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க பிள்ளைக எதும் தப்புத்தண்டா பண்ணிருச்சுகளா? இவன் ஒருநா அந்தப் பிள்ளை கையக் கடிச்சுப்புட்டான். அதுக்கா?"

நான் பஜார் நடுவில் சத்தமாகப் பேசினவள் இல்லை. மீன்காரனிடம் விலை கேட்பதற்கே தங்கையை முன்னால் தள்ளுகிறவள். அன்று பேசினேன். கடித்ததற்கு இல்லை, உன் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். யார் யாரிடம் கேட்டார், யார் பதில் சொல்லவில்லை, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், யார் கை தட்டினார்கள், புதுக் கமிட்டி எப்படிப் பள்ளுருத்தியைக் கைவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பேராசிரியரின் பெயரையும் அவர் வீடு இருக்கும் தெருவையும் சேர்த்தே சொன்னேன். மீன்காரன் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டான். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லியேக்கா" என்றாள்.