இதிலும் ஃபெயிலா?

கணக்கு டீச்சருக்குப் பயிற்சி வகுப்பு என்றாலே வேப்பங்காய். இருபத்திரண்டு வருஷமாகச் சாக்பீஸ் பிடித்தவருக்கு, பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டுமாக்கும்! பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இவர் மகள் வயதுதான் இருக்கும்.

"உங்களுக்குப் பிடிபடாத ஒரு பிள்ளைய எடுத்துக்குங்க. பத்து நாளைக்கு, தினம் ரெண்டே நிமிஷம் பேசுங்க. பாடத்தப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்றாள் அவள்.

டீச்சர் யோசிக்கவே இல்லை. எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு உம்மணாமூஞ்சி இருக்கிறாளே! வாரத்துக்கு இரண்டு நாள் மட்டம் போடுகிறவள். "படிப்பு ஏறல, நிறுத்திடறேன்" என்று வந்து நின்ற அவள் அப்பாவை, மாசக் கடைசிவரை பொறுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார் தலைமையாசிரியை.

"உனக்கு என்ன பிடிக்கும்?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"கூடப் பொறந்தவங்க?"

"ம்."

பாவம், எழுந்து கைகட்டி நின்று பதில் சொன்னாள். நான்காம் நாள் டீச்சரின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டாள். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல? கட்டம் போட்டு, பதில் வந்த கேள்விக்குச் சரிக்குறி, வராததற்குப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார் மகராசி. மூன்று சரி, ஒன்பது தப்பு.

"இதுலயும் நான் ஃபெயிலா டீச்சர்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு பிள்ளையோட படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேவிட்டார்.

ஏழாம் நாள் ஜன்னலோரம் அந்தத் தலையைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. குறிப்பேட்டை எடுக்காமல் போய், பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதும்மா. எனக்குக் கேள்வி கேக்கத்தான் தெரியுது, பேசத் தெரியல. வெளியூர்ல இருக்கற என் பொண்ணும் இதத்தான் சொல்றா. போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சிடுவா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் வெளியூர்லதான் வேலை பாக்கறாங்க டீச்சர். வேலை பாக்கற எடத்துல வாரத்துல ரெண்டு நாள்தான், பகல்லதான் போன் பேச விடுவாங்களாம். அப்பா தன்னோட பழைய போன வீட்டுலயே வெச்சிட்டுப் போவாரு. நான் ஸ்கூலுக்கு வந்துட்டா யாரு எடுக்கறது?"

அட, இவ்வளவுதானா! இத்தனை மாசமாக இதை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி அவள் கையில் திணித்தார்.

"இனிமே இதுல கூப்பிடச் சொல்லு. நீ வகுப்புக்கு வா."

பத்தாம் நாள், மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறையில் போன் அடித்தது. டீச்சர் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து கையில் கொடுத்தார்.

"அம்மா... ஆமா, டீச்சர் போன்தான். ஐயோ, நான் ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா, பயப்படாத. இவங்க சும்மாவே எங்கூடப் பேசுவாங்க."