அக்கா உருட்டிப் போட்ட சோறு

விடியலில் எங்கள் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டி, இழைக்குக் கஞ்சி தடவுகிறார்கள். அந்தப் புளித்த வாசனை சன்னல் வழியே வருகிறது. அக்கா போய்ப் பதினாறு நாள். எனக்கு அழுகை வரவில்லை. அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் வீட்டில், எழுதுகிறேன்.

அக்கா முசரவாக்கத்தில் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர் அவர்தான். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தையில்லை. மாமா காலமானபின் முதியோர் இல்லமொன்றில் சமையலுக்குச் சேர்ந்தார்.

அங்கே பாதிப்பேர் பழைய நெசவாளிகள். பல் போனவர்களுக்குக் கஞ்சிதான் ஏற்றதென்று அக்கா முதல் நாளே பெரிய பாத்திரத்தில் காய்ச்சினார்.

"இன்னாம்மா, எங்களைத் தறியில ஏத்தப் போறியா? பாவுக்குப் போடறத மனுசனுக்கு ஊத்துற!" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். குவளைகள் அப்படியே திரும்பின. நெசவு வீட்டில் வாழ்ந்தும் இது தமக்குத் தோன்றவில்லையே என்று அக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை மூன்றையும் குழையப் பிசைந்தார். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவர் கையிலும் உருட்டிப் போட்டார்.

"அவனுக்கு மட்டும் பெரிய உருண்டையா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"சண்டை போட்டுக்கினு சாப்புடறாங்கடா!" என்று அன்று அக்கா என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு கேட்டதில்லை.

கஞ்சியைக் கேலி செய்த அதே பெரியவர், மகன் எட்டிப் பார்க்காத ஒரு பொங்கலுக்குப் பின் சாப்பிட மறுத்தார். இரண்டு நாள் ஆயிற்று. அக்கா அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"இல்ல நைனா. நீங்க சாப்ட்டாதான்."

"மெரட்டறியா?"

"ஆமா. பசி உயிர் போவுது, சீக்கிரம்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கையை நீட்டினார்.

அன்று முதல் கடைசி ஆள் உண்ணும்வரை அக்கா உண்பதில்லை என்றாயிற்று. அதனால்தான் குடல் புண் முற்றியது என்றார் டாக்டர். இதை நற்குணம் என்று எழுதுவதா, தெரியவில்லை. நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

மருத்துவமனையில் முறைபோட்டுத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், ஐயம்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த சித்திக்கும், கடைசிவரை தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கடைசி நாள் காலை, மணி பதினொன்று இருக்கும். அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"எனக்கு எதுனா ஆச்சின்னா ஒடனே இல்லத்துக்கு ஓடிப் போயி சொல்லாதடா."

"ஏங்க்கா?"

"அவங்க சாப்ட்டு முடிக்கட்டும். அப்பறமா சொல்லு."